நம்பர் இல்லாத பாட்டுகள்

பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகியதும் அவளுக்குத் தலை சுற்றியது.

பாட்டுக்குப் பேரா இது! ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நம்பர். பின்னால் ஏதோ வெப்சைட்டின் பெயர். நடுவில் எங்கேயோ நசுங்கிக் கிடந்தது பாட்டு.

புருஷன் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நாளைக் காலையில் முட்டை லோடு. நாமக்கல்லிலிருந்து கொச்சிக்கு. கிளீனர் வேலையை விட்டுப் போனதிலிருந்து தனி ஆளாகத்தான் லாரி ஓட்டுகிறான். துணைக்கு இந்தப் பாட்டுகள்தான்.

கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தது எதற்கு? எல்லாப் பாட்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். நம்பரை எடு. வெப்சைட்டை எடு. ஒரே தட்டு.

அத்தனை பாட்டும் குளித்துத் தலை வாரிய பிள்ளைகள் மாதிரி நின்றன. அகர வரிசையில்.

என்ன சந்தோஷம் அவளுக்கு! அவனிடம் சொல்லவில்லை. வண்டியில் போட்டுப் பார்த்து அசந்து போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. கோயம்புத்தூர் பைபாஸில் வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிட்டு முடித்திருந்தான்.

“ஏம் புள்ள, பாட்டை என்ன பண்ணி வெச்ச?”

“நல்லா இருக்குதுங்களா?”

“நல்லா இருக்குதாமா! என்ற நம்பரெல்லாம் எங்க? சோறு உண்டதும் கண்ணைச் சொக்கும்னுதான், அந்த நேரத்துக்குக் குத்துப்பாட்டா வர்ற மாதிரி நம்பர் போட்டு வெச்சிருந்தேன். இப்ப ‘கண்ணே, கண்ணே’ன்னு வரிசையாத் தாலாட்டுது.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள்.

“செத்த நேரம் படுத்துட்டுப் போங்க.”

“பொழுதோட முட்டையை எறக்கோணும். வெச்சர்றேன்.”

போனை வைத்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடிப்பாவி, கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே. அவனை முழிக்க வைத்தது அந்த நம்பர்கள் அல்லவா!

பேசிக்கொண்டே இருந்தால் தூங்க மாட்டான்.

ஆனால் எடுக்க மாட்டான். ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று தாரணியின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவளே இவள்தான். பெற்ற மகள் மேல் செய்த சத்தியத்தை அவன் ஒருநாளும் மீறியதில்லை.

இருந்தாலும் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது.

நல்லது. எடுக்கவில்லை என்றால் ஓட்டுகிறான். ஓட்டுகிறான் என்றால் முழித்திருக்கிறான்.

துணிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

திரும்பவும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

தண்ணீர் குடித்தாள். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கூப்பிட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது.

“ஏனுங்க, ஓட்டும்போது எடுக்கறீங்களே, புள்ள மேல பண்ணுன சத்தியம் என்னாச்சுங்க?”

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல். அவன் குரல் அல்ல.

“அம்மா, இந்த போன் வெச்சிருந்தவரு உங்களுக்கு என்ன வேணும்?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அந்த ஆளுக்குப் பின்னால் பலர் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ கடப்பாரை கேட்டார்கள். அந்தச் சத்தத்துக்கும் நடுவில், ஒரு பொம்பளைக் குரல் மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

“யாராச்சும் மொதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்கப்பா” என்றான் அந்த ஆள்.