மழைக்கு ஏழு மதிப்பெண்

மதிப்பெண் என்ற சொல்லே மகள் காதில் விழக்கூடாது என்றுதான் சுபாஷிணி பத்து வயது யாழியைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். "உங்க வீட்டுப் பாணியிலயே படிக்கட்டும்மா" என்று சொல்லி, கல்வித்துறை ஆட்கள் கூடத்துச் சுவரில் ஒரு பேசும் கண்ணைப் பொருத்திவிட்டுப் போனார்கள். யாழி தோசை வார்த்தால் அது வடிவியல் என்றது. தம்பியோடு சண்டை போட்டால் குடிமையியல் என்றது. வேண்டாமென்று விட்டு வந்த பள்ளிக்கூடம் பின்னாலேயே வந்து வீட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

இன்று யாழி வாசலில் மழையில் குதித்து ஆடிக்கொண்டிருந்தாள்.

"நீர்ச் சுழற்சி. பத்துக்கு ஏழு" என்றது கண்.

சுபாஷிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மழையில நனையுறதுக்குமா மார்க்கு? உன்னை யாரு கேட்டா, சனியனே!" சுத்தியலை எடுத்து ஒரே போடு போட்டாள். கண் சில்லுச் சில்லாகச் சிதறியது.

"இனிமே யாரும் பார்க்க மாட்டாங்கடி. ஆசை தீர ஆடு!" என்று மூச்சு வாங்கக் கத்தினாள்.

யாழி உடைந்த கண்ணையே பார்த்தாள். மழை இன்னும் வலுத்தது. அவள் உள்ளே வந்து, துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டாள்.

"அதான் யாரும் பார்க்கலையேம்மா. அப்புறம் எதுக்கு நனையணும்?"