பஞ்சநதம் கடையில் ஓடும் போலந்துக் கேசட்

குடவாசலில் பஞ்சநதம் அண்ணனின் மைக்செட் கடையில்தான் இன்னும் ஓடுகிற கேசட் பிளேயர் இருக்கிறது. போலந்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா ஹலீனா கொடுத்த பழைய குளிர்கோட்டை ஊருக்கு வந்து உதறியபோது, கிழிந்த உள்பையிலிருந்து இந்தக் கேசட் விழுந்தது. இறந்துபோன அவர் மகன் டெத் மெட்டல் என்கிற முரட்டு ராக் இசைக் குழுவில் பாடியது; வேறு பிரதி கிடையாது. இருபது வருடமாகத் தேடியவர், இப்போது என் போனில் வீடியோ காலில் காத்திருக்கிறார். தங்கை வானதி தன் போனில் பதிவு செய்கிறாள். "நாடா பூரா பூஞ்சை, தம்பி. ஒரு தடவ ஓடுனாலே பெருசு," என்றபடி அண்ணன் பட்டனை அழுத்துகிறார். சக்கரங்கள் தயங்கிச் சுழல்கின்றன. கரகரவென்று இரைச்சல், பிறகு அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். அண்ணனின் விரல் நிறுத்தும் பட்டனுக்குப் பாய்கிறது. நான் அவர் மணிக்கட்டைப் பிடிக்கிறேன். "நிறுத்தாதீங்கண்ணே, பாட்டே இப்படித்தான் இருக்கும்." "நாடா சிக்குனாதான் குரல் இப்படிக் கட்டையாப் போவும். இன்னும் ரெண்டு சுத்து, அறுந்துரும். எந்த மனுசன் தம்பி இப்படிப் பாடுவான்?" அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், அந்தப் பையன் பாடி நான் கேட்டதே இல்லை. போனைப் பார்க்கிறேன். ஹலீனா கண்களை மூடியிருக்கிறார். அந்த உறுமலோடு சேர்ந்து, சுருக்கம் விழுந்த அவர் உதடுகள் ஒரு சொல்லும் பிசகாமல் அசைகின்றன. அண்ணனும் பார்க்கிறார். பட்டனிலிருந்து விரலை எடுக்கிறார். "ஃபேன நிறுத்தும்மா," என்று வானதியிடம் கிசுகிசுக்கிறார், "சத்தம் பதிவுல வுழுவுது."