நேற்று நான் வருவேன்

“நேற்று நான் வருவேன்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்தார் பஸ் டிரைவர்.

வகுப்பே சிரித்தது. டீச்சரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கடல் கடந்து வந்து, சம்பளமே இல்லாமல் இங்கிலீஷ் பேசக் கற்றுத் தருகிறேன் என்று தானாகத் தலையைக் கொடுத்தவர். யாரை நொந்து என்ன செய்ய? மாணவர்கள் ஐந்து பேர், எல்லோரும் வயதில் பெரியவர்கள். நாலு பேரை எப்படியாவது கரை சேர்த்துவிடலாம். இந்த டிரைவர் மட்டும் மூன்று மாதமாக அதே தப்பை அதே இளிப்போடு செய்கிறார்.

“வருவேன் இல்லை. நேற்று வந்தேன்.”

“சரி டீச்சர். நேற்று வந்தேன். நாளைக்கும் வந்தேன்.”

மறுபடியும் சிரிப்பு.

“உயிரை வாங்கறாருங்க” என்று சாயங்காலம் ஊரிலிருந்த கணவரிடம் போனில் கொட்டினார். “பாவம் வகுப்புல இருக்கிற அந்தத் தையல்காரம்மா. வேலை கிடைச்சாத்தான் அக்கா வீட்டுல விட்டிருக்கிற பொண்ணைக் கூட்டிட்டு வந்து வச்சுக்க முடியும். இப்பத்தான் நாலு வார்த்தை பேசறாங்க. அவங்க நேரத்தையெல்லாம் இந்த மரமண்டை தின்னுடறாரு.”

“இன்ட்ரவியூ என்னிக்கு?”

“இன்ட்ரவியூ இல்லீங்க, இன்டர்வியூ. வெள்ளிக்கிழமை.”

கணவர் அதற்கப்புறம் ‘ம்’ மட்டும் கொட்டினார்.

அடுத்த வகுப்பில் டீச்சரம்மா டிரைவரை ஆரம்ப வகுப்புக்கு மாற்றிவிட்டார். அவர் தையல்காரம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

“அப்பாடா. இப்ப நீங்க சொல்லுங்கம்மா.”

தையல்காரம்மா எழுந்து ஒரு வரி சொன்னார். டீச்சரம்மா திருத்தினார். இன்னொரு வரி. அதையும் திருத்தினார். மூன்றாவது வரவே இல்லை. கைக்குட்டையைத் திருகிக்கொண்டு நின்றார். மற்ற மூவரும் மேஜையைப் பார்த்தார்கள். மீதி நேரமெல்லாம் டீச்சரம்மாவே கேள்வி கேட்டு, டீச்சரம்மாவே பதில் சொன்னார்.

மறுநாள் எரிச்சலோடு பஸ் ஏறினால், ஓட்டுவது அதே டிரைவர். முன்னால் நின்ற வெளியூர்க்காரர் இருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“போன ஸ்டாப்பிலேயே இறங்கியிருக்கணும், தாண்டி வந்துட்டீங்க. பரவாயில்லை, எதிர்ப்பக்கம் நின்னா அடுத்த பஸ் வரும்.”

அத்தனையும் இங்கிலீஷ். ஒரு பிசிறு இல்லை. ‘இறங்கியிருக்கணும்’ என்பதை டீச்சரம்மா இன்னும் பாடமே நடத்தவில்லை.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“மூணு மாசமா என்னைக் கேலியா பண்ணினீங்க?”

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

“இல்லை டீச்சர். இங்கிலீஷ் பேசற பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னுதான் சேர்ந்தேன். முதல் நாள் தையல்காரம்மா ரெண்டே வரி பேசினாங்க, நீங்க ஏழு தடவை திருத்தினீங்க. வாசல்ல நின்னு அழுதாங்க. இனிமே வரமாட்டேன்னாங்க. நான் உங்களைவிட மோசமா பேசுவேன், பக்கத்துல உட்காருங்கன்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன்.”

டீச்சரம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

“திட்டு வாங்க நான் ஒருத்தன் இருந்தாத்தான் அங்கே மத்தவங்க வாயைத் திறக்கறாங்க. வெள்ளிக்கிழமை வரைக்குமாவது என்னை மக்கா இருக்க விடுங்க, டீச்சர்.”