நாலு படி மிளகு

"இன்னிக்குத் தராசுல போட்டுக் குடு, ருக்கு."

கோகிலா இப்படிக் கேட்டதும், மிளகை அளக்கப் போன ருக்குமணியின் கைப்படி அந்தரத்தில் நின்றது.

செம்மேட்டுச் சந்தையில் இரைச்சலுக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் பக்கத்துக் கடைகள்வரை கேட்டுவிட்டது.

"என்ன சொன்னே?"

"தராசுல போடுன்னேன்."

பள்ளிக்கூட விடுதியில் ஒரே பாயில் படுத்தெழுந்த சிநேகிதிகள் இருவரும். ருக்குமணி மலைக்காரி, கோகிலாவுக்கு அடிவாரத்துப் பேளுக்குறிச்சி. ஆண்டு தவறாமல் மாசி பிறந்ததும் கோகிலா பஸ் ஏறி வந்து, நாலு படி மிளகு வாங்கிப் போவாள். படிக்கு ஒரு கிலோ என்பது பேச்சு. ருக்குமணி கோபுரமாக அளப்பாள். கோகிலா குனிந்துகூடப் பார்க்கமாட்டாள்.

அந்தப் பழக்கந்தான் இந்த ஆண்டு ருக்குமணியின் கண்ணை மறைத்தது. மூன்று நாளைக்கு முன் ஒரு வியாபாரி வந்து நல்ல விலை சொன்னான். திரண்ட மிளகையெல்லாம் அவனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டாள். கோகிலாவுக்கென்று மிஞ்சியதில் பாதிக்குப் பாதி பொக்கு மிளகு. பார்வைக்குக் கருகருவென்று இருக்கும்; உள்ளே ஒன்றும் இருக்காது, கனமும் இருக்காது. படியில் அளந்தால் யாருக்குத் தெரியும்? வேற்றாள் என்றால் கையில் அள்ளி உருட்டிப் பார்ப்பான். கோகிலா பார்க்கவா போகிறாள்?

இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாளே தவிர, காலையிலிருந்து ருக்குமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தாள். கோகிலா வராமலே போனால் நல்லது என்றுகூட நினைத்தாள். வந்தவளோ, வந்ததும் வராததுமாகத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

"இத்தன வருசமா இல்லாத தராசு இப்ப எதுக்கு? என்ர கைமேல சந்தேகமா?"

"சந்தேகமெல்லாம் இல்ல புள்ள. காரணத்த அப்புறம் சொல்றேன். மொதல்ல போடு."

பக்கத்தில் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த பொன்னம்மாள் மோவாயில் கைவைத்தாள்.

"ஏனம்மிணி, சிநேகிதிகிட்டப் போயி ஆராச்சும் தராசு கேப்பாங்களா? நாளைக்கு அவ ஊட்டுக்கு விருந்துக்கு வந்தா, சோத்தையும் எட போட்டுத்தான் திம்பியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கீழ்நாட்டுக்காரங்க கணக்கே தனிங்க்கா," என்றான் எதிரே மரவள்ளிக்கிழங்கு குவித்திருந்த அர்த்தனாரி. "பொண்ணு பாக்கப் போறப்பவே கையில தராசோடதான் போவாங்க!"

கோகிலாவின் முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் அவள் நகரவில்லை.

சந்தையே தன் பக்கம் பேசுவது ருக்குமணிக்குத் தெம்பைக் கொடுத்தது. அந்தத் தெம்பில் குரலை உயர்த்தினாள்.

"நம்பிக்கை இல்லாதவளுக்கு நான் எதுக்கு விக்கோணும்? வேற கடை பாத்துக்க, போ!"

"வேற கடையில வாங்க எனக்கு வழி தெரியாதா? உன்கிட்டத்தான் வாங்குவேன். தராசுல போட்டுத்தான் வாங்குவேன்."

"என்ர தராசுல பேட்டரி தீந்துபோச்சு."

"அதுக்கென்ன? என்ர தராசு சும்மாதான கெடக்குது!" நியாயத்தை நிலைநாட்டும் உற்சாகத்தில் பொன்னம்மாள் தராசை இழுத்து முன்னால் வைத்தாள். "போட்டுக் காட்டு அம்மிணி. பாத்துட்டு வாய மூடிக்கிட்டுப் போகட்டும்!"

ருக்குமணி தராசைப் பார்த்தாள். உதவி செய்வதாக நினைத்துக் கழுத்தில் கத்தியை வைக்கிறாளே இந்த மகராசி!

இனி மறுக்க வழியில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அளந்த மிளகெல்லாம் பையில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து ஒரு சீப்புப் பழம் கேட்கவே, பொன்னம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். கோகிலாவே பையைத் தூக்கித் தராசில் வைத்தாள். இருவரும் குனிந்தார்கள்.

சிவப்பு எண்கள் துள்ளித் துள்ளி ஓடி நின்றன. மூன்று கிலோ முந்நூறு.

ருக்குமணி நிமிரவில்லை. கோகிலாவின் விரல்கள் பைக்குள் நுழைந்து ஒரு மிளகை எடுப்பதை மட்டும் பார்த்தாள். இலேசாக நசுக்கியதற்கே அது உமியாக உதிர்ந்தது.

"எவ்வளவு இருக்குது?" பழத்தைக் கொடுத்துக்கொண்டே பொன்னம்மாள் கேட்டாள். நாலைந்து தலைகள் திரும்பின.

இனி இந்தச் சந்தையில் எந்த முகத்தோடு உட்காருவது? ருக்குமணி கண்களை மூடிக்கொண்டாள்.

"நாலரைக் கிலோங்க்கா!"

கோகிலாவின் குரல் கணீரென்று ஒலித்தது. ருக்குமணி கண் திறந்தபோது, பை தராசிலிருந்து இறங்கியிருந்தது.

"நாந்தான் தெரியாமக் கேட்டுப்போட்டேன்," என்றாள் கோகிலா எல்லாரையும் பார்த்து.

"அப்படிச் சொல்லு! நல்லா அசிங்கப்பட்டியா?" பொன்னம்மாள் வெற்றிக் களிப்போடு தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அர்த்தனாரி மறுபடியும் என்னவோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

கோகிலா அதைக் காதில் வாங்கவில்லை. மடித்த நோட்டுகளை ருக்குமணியின் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களைத் தானே மூடினாள். நாலு கிலோவுக்கு உரிய பணத்தைவிட அது கனத்தது.

"எதுக்கு இவ்வளவு?" ருக்குமணி முணுமுணுத்தாள். கோகிலா அவள் காதருகே குனிந்தாள்.

"போன வருசம் ஊட்டுக்குப் போயி எட போட்டுப் பாத்தேன், புள்ள. நாலு கிலோவுக்குக் காசு வாங்கிக்கிட்டு, நாலரைக் கிலோ அளந்திருந்தே. உன்ர கை எப்பவும் கூடத்தான் அளக்கும். அந்த அரைக் கிலோவுக்குக் காசச் சும்மா நீட்டுனா நீ வாங்கமாட்டே. அதனாலதான் இந்த வருசம் தராசு கேட்டேன்."