கட்டாயம் நிரப்பவும்

பிரிண்டரிலிருந்து சூடாக வந்து விழுந்த கடிதத்தில் அவள் பெயர் இருந்தது. இனிஷியல்கூடப் பிசகவில்லை. 'தங்களை இன்றுடன் பணியிலிருந்து விடுவிக்கிறோம். காரணம்: சேர்க்கை விண்ணப்பங்கள் அழிந்துபோகக் காரணமான கவனக்குறைவு.'

மேனேஜர் தன் அறையில் பட்டனை அமுக்கினால், கடிதம் அவள் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் பொது பிரிண்டரில்தான் வரும். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான். அந்தப் பயிற்சி நிலையத்தின் ஒரே புரோகிராமர் அவள். வேலைநீக்கக் கடிதம் அடிக்கும் பக்கத்தைப் போன வாரம் பைத்தானில் எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

பெருமையாக வேறு விளக்கியிருந்தாள். "லெட்டர் டெம்ப்ளேட்டா ரெடியா இருக்கு சார். நீங்க ஃபார்ம்ல பேரையும் காரணத்தையும் அடிச்சு பட்டனை அமுக்கினா போதும், அததுக்கு உள்ள இடத்துல போய் உக்காந்துக்கும். ஏதாவது விட்டுப்போனாக்கூட லெட்டர்ல ஓட்டை தெரியாது."

"யாருக்கு சார் இந்த லெட்டர்?" என்று கேட்டதற்கு, "வர்றப்ப தெரியும்" என்றார்.

மீசைக்கு என்றுதான் நினைத்தாள். ஆபீஸே மீசை என்று கூப்பிடும் சேர்க்கைப் பிரிவு கிளார்க் அவர். போன மாதம் அவர் ஒரு பட்டனைத் தட்டியதில் நானூறு விண்ணப்பங்கள் மொத்தமாக அழிந்துபோயின. விசாரணை இன்னும் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் கடிதம் வந்திருப்பது அவளுக்கு. அப்படியென்றால் உண்மை தெரிந்துவிட்டது. வீட்டில் கால் ஒடிந்து படுத்திருக்கும் கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவள் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிகிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள். வழியில் மீசை நிறுத்தினார். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி போறே? உடம்பு சரியில்லையா?"

தலையைக் குனிந்தபடி அவரைத் தாண்டிப் போனாள். அந்த மனுஷன் முகத்தை அவள் ஒரு மாதமாகவே நேராகப் பார்ப்பதில்லை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தெரியாம நடந்துபோச்சு. வேணும்னு செய்யலை சார்."

"எது?"

"விண்ணப்பம் அழிஞ்சது. மீசை அண்ணன் மேல தப்பில்ல சார். எதை அழிக்கணும்னு நம்பர் அடிக்காம பட்டனை அமுக்கிட்டார், அவ்வளவுதான். 'கட்டாயம் நிரப்பவும்'னு ஃபார்ம் அவரைத் தடுத்திருக்கணும். டெஸ்ட் பண்றப்ப ஒவ்வொரு தடவையும் நிரப்பு நிரப்புன்னு உயிரை வாங்குதேன்னு நான்தான் அந்தச் செக்கை எடுத்துட்டேன். திருப்பிப் போட மறந்துட்டேன். நம்பர் இல்லாததால மொத்தமும் போயிடுச்சு. மறுநாள் காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி வந்து, சத்தமில்லாம அந்தச் செக்கைத் திருப்பிப் போட்டு வச்சுட்டேன்."

சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. பயத்துக்கு நடுவிலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

மேனேஜர் நிமிர்ந்தார். "இதை ஏம்மா இப்ப வந்து சொல்றே?"

"நீங்கதானே சார் எனக்கு லெட்டர் அடிச்சிருக்கீங்க!" கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார்.

"காரணம் நான் அடிச்சதுதான். ஆனா பேர் அடிக்கலையே! மீசைக்குன்னுதான் உக்காந்தேன். இருபது வருஷமா கூட இருக்கிற மனுஷன், அவர் பேரை அடிக்கக் கை வரலை. சரி, லெட்டர் எப்படித்தான் வருதுன்னு பார்ப்போம்னு பேர் இல்லாமலே அமுக்கினேன். அது ஏன் தடுக்கலை? உன் பேர் எங்கேருந்து வந்துச்சு?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டெஸ்ட் பண்ணியபோது, பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும்படி டெம்ப்ளேட்டில் ஒரு வரி எழுதியிருந்தாள். வழக்கம்போல 'கட்டாயம் நிரப்பவும்' என்று தடுக்கும் செக்கையும் எடுத்திருந்தாள். வழக்கம்போல இரண்டையும் மறந்துவிட்டாள்.

"அது... டெஸ்டுக்குப் போட்டது சார். தப்பா வந்துடுச்சு. குடுங்க, கிழிச்சுடறேன்."

கையை நீட்டினாள். அவர் கடிதத்தைக் கொடுக்கவில்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"சரியாத்தாம்மா வந்திருக்கு."