செவ்வாய்க்கிழமைப் பக்கம்

"குழிய மதிலுக்கு உள்ள வெட்டறதா, வெளிய வெட்டறதா? ஒரு முடிவச் சொல்லுங்க ஃபாதர். வெயில் ஏறுதுங்க" என்றார் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அருளப்பன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் கடப்பாரையோடு நின்றவர்கள் பாதிரியாரைப் பார்த்தார்கள். சூசைமாணிக்கம் யாரையும் பார்க்கவில்லை. மகளுடைய நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றிருந்தார்.

தலைச்சோலை எஸ்டேட்டில் அன்று வேலை கிடையாது. விடிந்து பார்த்தால் காப்பி பூத்திருந்தது. பூத்த அன்று பூ உதிர்ந்துவிடும் என்று தோட்டத்துக்குள் ஆளை விடமாட்டார்கள். அதனால் எஸ்டேட்டே திரண்டு சாவுக்கு வந்துவிட்டது. துக்கம் பாதி, வேடிக்கை பாதி.

சேலத்துக் காலேஜில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த சூசைமாணிக்கத்தின் மூத்த மகள் தேவகுமாரி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எஸ்டேட் கிணற்றில் கிடந்தாள். ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் முடிந்து அன்று வியாழக்கிழமை காலைதான் உடம்பு வீடு வந்தது. வழுக்கி விழுந்தாளா, தானே விழுந்தாளா என்று போலீஸ் கேட்டு முடித்துவிட்டது. ஊர் இன்னும் முடிக்கவில்லை.

தானாக உயிரை விட்டவர்களுக்கு அந்த ஊரில் மதிலுக்கு வெளியே, உண்ணிப்புதர் ஓரம்தான் இடம். திருச்சபை அந்தச் சட்டத்தைக் கைவிட்டு எத்தனையோ வருஷமாகிறது என்று பாதிரியாரும் சொல்லிப் பார்த்துவிட்டார். மற்ற ஊரில் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். இங்கே பூசாரி கொடுத்தாலும் கோயில் கமிட்டி கொடுக்காது. கமிட்டி என்றால் அருளப்பன்தான்.

"அவிங்கம்மா உள்ள இருக்குதுங்க ஃபாதர்" என்றார் சூசைமாணிக்கம். "புள்ளையத் தனியா வெளிய போட்டுட்டு நான் எப்படிங்க ஊடு போறது?"

"நொம்ப நாளாவே புள்ள ஒரு மாதிரிதானுங்க இருந்துச்சு. கோயிலுக்கு வந்தாக்கூட யாருகிட்டயும் பேசறதில்ல. நானும் பார்த்துட்டுத்தானுங்க இருந்தேன்" என்றார் அருளப்பன். பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யார்தான் கேட்டார்கள்?

சூசைமாணிக்கம் நோட்டை நீட்டினார். "இதப் படிச்சுப் பாருங்க ஃபாதர். தெனமும் பைபிளப் படிச்சுட்டு மனசுல பட்டத இதுல எழுதும். காலைல சின்னவதான் எடுத்துக் குடுத்தா."

அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். மகள் எழுதியதில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை. ஆனால் அதில் ஆண்டவர் இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பாதிரியார் பக்கங்களைப் புரட்டினார். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த அருளப்பன் ஓரிடத்தில் விரலை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

"'எவ்வளவு செபித்தாலும் ஆண்டவர் பேசாமலே இருக்கிறார். யோபுவுக்காவது கடைசியில் பதில் வந்தது.' இதுக்கு என்னங்க அர்த்தம்?"

கூட்டம் முணுமுணுத்தது. சூசைமாணிக்கம் தன் கையாலேயே மகளை மதிலுக்கு வெளியே தள்ளிவிட்டோமோ என்று கலங்கினார்.

"கடைசிப் பக்கத்தப் பாருங்க ஃபாதர்."

சொன்னது சின்ன மகள் ஷெர்லின். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், அக்காவின் எழுத்தைப் பார்த்தே எழுதப் பழகியவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

பாதிரியார் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

"'செவ்வாய். பஸ்ஸில் வரும்போது வானத்திலிருந்து விழுந்த மன்னா உணவை நினைத்துக்கொண்டேன். பாலைவனத்தில் காலையில் எழுந்து பார்த்தால் தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததாம். நம் காப்பிக்காடும் அப்படித்தான் கிடக்கிறது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் கொடுக்கிறவர் நாளைக்கும் கொடுப்பார். இனிமேல் பயப்படமாட்டேன். நாளைக்கு அப்பாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும். பழசு வார் அறுந்துவிட்டது.'"

எல்லாருடைய கண்ணும் சூசைமாணிக்கத்தின் வெறுங்காலுக்குப் போயிற்று. பெண்கள் பக்கமிருந்து ஓவென்று அழுகை கிளம்பியது.

"நாளைக்குச் செருப்பு வாங்கணும்னு நெனச்ச புள்ளைங்க அது" என்றார் பாதிரியார்.

அருளப்பன் தலை குனிந்தார். பிறகு கடப்பாரைக்காரர்களிடம், "உள்ளயே வெட்டுங்கப்பா. அவிங்கம்மா பக்கத்துலயே வெட்டுங்க" என்றார்.

மகள்மேல் மண்ணைப் போட்டபோதுதான், இரண்டு நாளுக்குப் பிறகு சூசைமாணிக்கத்துக்கு மூச்சு சீராக வந்தது. வழுக்கித்தான் விழுந்திருக்கிறாள். தன்னை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று போகவில்லை. அந்த ஒன்று போதும், மிச்ச நாளைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தார்.

கூட்டம் கலைந்தது. அப்பாவும் சின்ன மகளும் மட்டும் நின்றார்கள். காற்று திரும்பியபோது பூவாசம் மூக்கில் ஏறியது. சூசைமாணிக்கம் நிமிர்ந்தார். மதிலுக்கு அப்பால் மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷெர்லினின் கையைப் பிடித்தார்.

"காப்பி இன்னைக்குக் காலைலதானே பூத்துச்சு, கண்ணு?"