கடலுக்குப் போக அனுமதி

சம்பாலெஸ் கடற்கரையில் ஒரு வாரமாகப் பட்டாளத்துப் பயிற்சி. மீனவன் எவனும் கடலில் இறங்கக் கூடாது. விடியற்காலையில் புருஷன் நார்டோ படகைத் தள்ளுவதைப் பார்த்ததும் பெர்லிட்டா ஓடி வந்து மறித்தாள்.

"யோவ், குண்டடி பட்டுச் சாகப் போறியா?"

"அனுமதி வாங்கிட்டேன்டி."

"எதிரிகிட்டேர்ந்து உங்களைக் காப்பாத்தத்தான் பயிற்சின்னு சொல்லி நேத்து ஊரையே விரட்டினாங்க. உனக்கு மட்டும் தந்தாங்களாக்கும்!"

சிரித்துக்கொண்டே போனவன், சாயங்காலம் கூடை நிறையச் சூரை மீனோடு திரும்பினான். கையில் பட்டாளத்துச் சாப்பாட்டுப் பொட்டலம் வேறு.

"யாரு காலைப் பிடிச்சே?"

"யாரு காலையும் இல்லை. அவங்க துரத்திப் பழக எதிரிப் படகு வேணுமாம். எதிரியாச் சேர்ந்துட்டேன். அவங்க சாப்பிடப் போன நேரத்துல வலையைப் போட்டேன்."

பெர்லிட்டா குரலைத் தாழ்த்தினாள்.

"என் தம்பியும் மீனவனா இருந்து பட்டினி கிடக்கிறான்யா. அவனையும் எதிரியாச் சேர்த்து விடேன்!"